கோல்ப் வீச்சின் கதை



துவைக்கிற கல்லில் கம்பளிப் போர்வையை அடித்துத் துவைக்கும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? நனைந்த கம்பளியின் பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கைப்பலத்தால் மட்டும் தூக்கி அடித்தால் பத்து அடிக்குள் தோள் விட்டுப் போகும். அவள் என்ன செய்கிறாள்? காலை அகற்றி ஊன்றுகிறாள். இடுப்போடு தோளும் திரும்ப, போர்வை தலைக்குப் பின்னால் போகிறது. அது முழுவதும் மேலே போய்ச் சேர்வதற்கு முன்பே இடுப்பு கல்லை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இடுப்பின் பின்னால் தோள் வருகிறது. தோளின் பின்னால் கை. கையின் பின்னால் போர்வை. கடைசியில் கல்லில் ஓர் அறை!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கோல்ப் வீச்சும் இதே வேலைதான். இதைச் சொன்னதும், "கோல்ப் துரைமார் ஆட்டமாயிற்றே, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆட்டத்தின் பந்து ஒரு காலத்தில் இந்த மண்ணின் மரத்துப் பாலால் உருட்டப்பட்டது. அந்தப் பந்து மாறியபோதெல்லாம் அதை அடிக்கும் மனிதனின் உடலும் தன் அசைவை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தொடர்பு அங்கே தொடங்குகிறது. எங்கே போய் முடிகிறது என்பதைப் பேச்சின் போக்கில் பார்ப்போம்.

ஆட்டத்தை அருகில் பார்த்திராதவர்களுக்காக இரண்டு சொல். பரந்த புல்வெளியில் 18 குழிகள் தொலைவு தொலைவாக இருக்கும். கோலால் பந்தை அடித்து, இயன்ற வரை குறைந்த அடிகளில் ஒவ்வொரு குழியிலும் விழச் செய்ய வேண்டும். பந்தின் எடை சுமார் 46 கிராம். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். பந்து அசையாமல் கிடக்கிறது. அடிப்பவரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஓட்டமில்லை, தாவலில்லை. அதனால் பார்ப்பவர்களுக்கு எளிய ஆட்டமாகத் தோன்றும். நின்ற இடத்தில் நின்றபடி அந்தச் சிறு பந்தை 200, 250 மீட்டர் தொலைவுக்கு நேராக அனுப்ப வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் அதன் கடினம் தெரியும்.

இது ஸ்காட்லாந்து நாட்டு ஆட்டம். 1457-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் கோல்பையும் கால்பந்தையும் தடை செய்து சட்டம் போட்டது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இந்த ஆட்டங்களில் பொழுதைப் போக்குகிறார்கள் என்பது காரணம். சட்டம் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை.

பழைய காலத்துப் பந்து தோலால் ஆனது. சிறு தோல் பையைத் தைத்து, அதற்குள் வேகவைத்த வாத்து இறகுகளை ஒரு தொப்பி நிறைய எடுத்து, இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி அடைப்பார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். பந்து கல்லாய் இறுகும். கைதேர்ந்தவர்கூட ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. விலையோ மிக அதிகம். மழையில் நனைந்தால் தையல் பிரிந்துவிடும். ஏழைக்கு எட்டாத பந்து அது.

அந்தப் பந்தை அடிக்க நீண்ட கைப்பிடியும் ஒடுங்கி நீண்ட மரத் தலையும் உள்ள கோலைப் பயன்படுத்தினார்கள். கோல் நீளமாகையால் ஆடுபவர் பந்தை விட்டுத் தள்ளி நின்றார். ஸ்காட்லாந்தின் கடற்கரைக் குளிருக்கு இறுக்கமான கம்பளிக் கோட்டு வேறு அணிந்திருப்பார். அந்தக் கோட்டோடு கையை உயரத் தூக்க இயலாது. ஆகவே கோல் தோள் மட்டத்தில் உடலைச் சுற்றிப் போயிற்று, முற்றம் பெருக்கும் விளக்குமாறு போல. இடக்கை மடங்கும், இடக்குதிகால் நன்றாக மேலே எழும்பும், உடம்பு முழுவதும் தளர்வாகச் சுழலும். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் பெயரால் இதனைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் வீச்சு என்றார்கள். பிற்காலத்தவர் இந்த வீச்சைக் கேலி செய்ததுண்டு. நமக்கோ அதில் கேலிக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. அந்தப் பந்து, அந்தக் கோல், அந்தக் கோட்டு ஆகிய மூன்றுக்கும் உடல் கண்டுபிடித்த விடை அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாக் காடுகளில் தாபான் என்றொரு மரம் உண்டு. அதன் பாலை மலாய்க்காரர்கள் கெத்தா பெர்ச்சா என்றனர். ஆங்கிலேயர் வாயில் அது கட்டா பெர்ச்சா ஆயிற்று. நம் ரப்பர்ப் பாலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ரப்பர் இழுத்தால் நீளும். கட்டா பெர்ச்சா சுடுநீரில் போட்டால் மாவு போல் இளகும்; வேண்டிய வடிவத்தில் பிடித்து வைத்தால் ஆறியதும் மரம்போல் இறுகிவிடும். மலாய்க்காரர்கள் அதைக்கொண்டு பாராங் கத்திக்குப் பிடி போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் அந்தப் பிடிகளைக் கண்டு வியந்தார். 1840-களின் தொடக்கத்தில் அந்தப் பால்கட்டியின் மாதிரிகள் அவர் வழியாக வெளிநாடு சென்றன. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அதைவிடச் சிறந்த பொருள் அன்று கிடைக்கவில்லை.

1848-ஆம் ஆண்டளவில் அதே பொருளால் கோல்ப் பந்து செய்தார்கள். இதற்கு ஒரு கதையும் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பேட்டர்சன் என்ற குடும்பத்தாருக்குக் கீழை நாட்டிலிருந்து திருமால் சிலை ஒன்று வந்ததாம். வழியில் உடையாதிருக்கச் சிலையைச் சுற்றிக் கட்டா பெர்ச்சாத் துண்டுகளை அடைத்திருந்தார்களாம். அந்த வீட்டுப் பிள்ளை துண்டுகளைச் சுடுநீரில் இளக்கிப் பந்தாக உருட்டினானாம். கதையைக் கதையென்றே கொள்வோம். திருமால் பெயரைச் சொல்லிப் பந்து பிறந்ததென்று கேட்பதற்கு நமக்குச் சற்று மகிழ்ச்சிதான்! கதை எப்படியிருந்தாலும் பந்து உண்மை. மழைக்கு அஞ்சாத பந்து. அடிபட்டு நெளிந்தால் மீண்டும் இளக்கி உருட்டிக்கொள்ளலாம். விலையும் மலிவு. தையற்காரரும் தச்சரும் கூட ஆட முன்வந்தனர். இறகுப் பந்து செய்து வாழ்ந்த ஆலன் ராபர்ட்சன் இந்தப் புதுப் பந்தை வெறுத்தார். தம்மிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் அதைக் கொண்டு ஆடினார் என்பதற்காக இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டு, மாரிஸ் பிரிந்து சென்றார்.

அங்கே ஆட்டம் வளர்ந்தது. இங்கே காடு அழிந்தது. கட்டா பெர்ச்சாவை நம் பால்மரம்போல் சீவி எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பாலை வடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்த் தீவில் தாபான் மரம் காண்பதற்கு அரிதாகிவிட்டது. பெரும்பகுதி தந்திக் கம்பிக்குப் போயிற்று. பந்துக்குப் போனது சிறு பகுதிதான்.

புதிய பந்து கல்லைப்போல் கடினம். பழைய நீண்ட தலைக் கோல்கள் அதன் அடிக்குத் தாங்காமல் பிளந்தன. தலை குறுகித் தடித்தது. தாழப் பறக்கும் இந்தப் பந்தை உயர எழுப்ப வேண்டியும் இருந்தது. உடலைச் சுற்றிப் பெருக்கும் வீச்சு இதற்குப் போதவில்லை. அப்போது வந்தவர் ஹாரி வார்டன்.

வார்டன் 1870-இல் ஜெர்சித் தீவில் பிறந்தார். தோட்டக்காரரின் மகன், தாமும் தோட்ட வேலை செய்தவர். ஊருக்குக் கோல்ப் திடல் வந்தபோது பிறருடைய கோல்களைச் சுமந்த சிறுவர்களில் அவரும் ஒருவர். 1896 முதல் 1914 வரை பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் 6 முறை வென்றார். அதை இன்றுவரை எவரும் மிஞ்சவில்லை. வார்டனின் கோல் உடலைச் சுற்றிப் போகாமல் மேல்நோக்கி எழுந்தது; பந்தும் உயர எழுந்து மெல்ல இறங்கி, விழுந்த இடத்தில் நின்றது. முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் காற்சட்டையை அணிந்து ஆடிய முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவர் என்பார்கள். காலுக்கு விடுதலை கிடைத்தால் இடுப்புக்கும் விடுதலை என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். 1904-இல் ஜார்ஜ் பெல்டாம் என்பவர் அக்காலத்துப் பெரிய ஆட்டக்காரர்களின் வீச்சைப் புகைப்படங்களாக எடுத்து நூலாக வெளியிட்டார். வார்டன் படங்களைப் பார்த்தால் வீச்சின் உச்சியில் அவருடைய இடக்கை சற்று மடங்கியிருப்பது தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1898-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர் ரப்பர் நூலை உருண்டையாகச் சுற்றிப் பந்து செய்தார். 1902-இல் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றதும் கட்டா பெர்ச்சாப் பந்தின் காலம் முடிந்தது. ஹாஸ்கல் பந்து பிறந்தபோது உலகத்து ரப்பரில் பெரும்பகுதி பிரேசில் காடுகளிலிருந்து போயிற்று; சில ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய பாலின் கதை அது. கூட வந்தது ஆட்டமும். சிங்கப்பூரில் 1891-இலும் சிலாங்கூரில் 1893-இலும் கோல்ப் கழகங்கள் தோன்றின. தோட்டத் துரைமாரின் மன்றங்களை ஒட்டியும் சிறு சிறு திடல்கள் இருந்தன. அங்கே நம்மவருக்குக் கிடைத்த வேலை புல் வெட்டுவதும் பை தூக்குவதும். பிறகு 1990-களில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் மரங்களை இழந்து கோல்ப் திடல்களாயின; லயங்களில் இருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். இதையும் சொல்லாமல் இந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது. மாரிமுத்து இராமையா, பெரியசாமி குணசேகரன் போன்றோர் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாக ஆசியப் போட்டிகளில் ஆடினார்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

பந்து மாறிய கதை போதும். கோல் மாறிய கதைக்கு வருவோம். கோலின் தண்டு நெடுங்காலம் ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தால் ஆனது. உறுதியான மரந்தான், ஆனால் வீசும்போது முறுக்கிக்கொள்ளும். திடீரென்று வேகம் கொடுத்தால் கோலின் தலை பின்தங்கி, முகம் வெளிப்புறம் திரும்பிவிடும். பந்து வலப்புறம் ஓடிவிடும். ஆகவே ஆடுபவர் அவசரப்படாமல், நீளமாக, ஒரே சீராக வீச வேண்டும். அமெரிக்கரான பாபி ஜோன்ஸ் இதில் மன்னர். ஊஞ்சல் போய் வருவதுபோல் அவர் உடல் தளர்ந்து திரும்பும். இடக்குதிகால் தரையை விட்டு எழும். இடுப்பு தாராளமாகத் திரும்பும். 1930-இல் ஒரே ஆண்டில் அன்றைய நான்கு பெரும் போட்டிகளையும் அவர் ஹிக்கரிக் கோல்களால் வென்றார்.

எஃகுத் தண்டை அமெரிக்கா 1924-இலும் பிரிட்டன் 1929-இலும் ஏற்றுக்கொண்டன. எஃகு முறுக்கிக்கொள்ளாது. எனவே கோலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காலாலும் இடுப்பாலும் துணிந்து உந்தலாம். இந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே ஆண்டில், 1912-இல், பிறந்த மூவர்: பைரன் நெல்சன், சாம் ஸ்னீட், பென் ஹோகன்.

நெல்சனும் ஹோகனும் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரே கழகத்தில் பை தூக்கிய சிறுவர்கள். நெல்சன்தான் எஃகுக் கோலுக்கு ஏற்ற வீச்சை முதலில் வகுத்தவர் என்பர். கையைப் புரட்டும் வேலையைக் குறைத்து, முழங்காலை வளைத்துக் காலால் உந்தினார். 1945-இல் 18 போட்டிகளில் வென்றார். அவற்றில் 11 வெற்றிகள் தொடர்ச்சியானவை. பின்னாளில் கோல்களைச் சோதிக்க ஓர் இயந்திரம் செய்தபோது, அதற்கு இரும்பு பைரன் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

ஸ்னீட் வர்ஜீனியா மலைப்புறத்துப் பையன். மரக்கிளையைச் செதுக்கிக் கோலாக்கி, வெறுங்காலோடு ஆடிப் பழகியவர். உடல் நெகிழ்வுக்கு அவரைப்போல் இன்னொருவரைக் காட்டுவது கடினம். முழங்காலை மடக்காமலே குனிந்து குழியிலிருந்து பந்தை எடுப்பார். எழுபது வயதைத் தாண்டியும் கதவு நிலையின் மேற்சட்டத்தைக் காலால் எட்டி உதைத்துக் காட்டுவார். 1965-இல், 52 வயதில், அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றுப் போட்டி ஒன்றை வென்றார். அந்த வயதில் அப்படி வென்றவர் வேறெவரும் இல்லை. உடம்பு நெகிழ்ந்திருக்கும் வரை ஆட்டம் நிலைக்கும் என்பதற்கு ஸ்னீட் சான்று.

ஹோகன் கதை வேறு மாதிரி. கொல்லரின் மகன். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, புகைவண்டி நிலையத்தில் செய்தித்தாள் விற்றவர். சிறிய உடம்பு. கைகள் சிவந்து தோல் உரியும் வரை பயிற்சி செய்வார். 1949 பிப்ரவரி 2-ஆம் நாள் மூடுபனியில் அவர் ஓட்டிய கார்மீது பேருந்து ஒன்று நேருக்கு நேர் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, கணுக்கால், விலா எல்லாம் முறிந்தன. மீண்டும் நடப்பாரா என்பதே ஐயமாக இருந்தது. 16 மாதங்கள் கழித்து, 1950 ஜூனில், கால்களில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் வலியைப் பொறுத்து, அமெரிக்க ஓப்பனை வென்றார். 1957-இல் அவர் வெளியிட்ட பாட நூலில் வீச்சைப் படிப்படியாக விளக்கினார். அதன் சாரம் இதுதான்: பின்னோக்கித் திரும்பும்போது தோள் நிறையத் திரும்ப வேண்டும், இடுப்பு குறைவாகத் திரும்ப வேண்டும், முன்னோக்கி வரும்போது முதலில் இடுப்பு அசைய வேண்டும். இடுப்பு முறிந்த மனிதர் இடுப்பின் பாடத்தை உலகுக்குச் சொன்னார் பாருங்கள்!

ஆட்டக்காரர்கள் உடம்பால் கண்டதை அறிவியலார் கருவியால் அளந்தனர். 1938-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹரால்ட் எட்கர்டன், விட்டு விட்டு மின்னும் விளக்கொளியில் டென்ஸ்மோர் ஷூட் என்ற ஆட்டக்காரரின் வீச்சை ஒரே படத்தில் பதித்தார். விரித்த மயில்தோகைபோல் கோல் அந்தப் படத்தில் தெரிகிறது. கீழே வர வரத் தோகையின் இடைவெளி விரிகிறது. அங்கே வேகம் கூடுகிறது என்று பொருள். 1968-இல் காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நூலாக்கினர். கோல் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்த நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது. அதற்கு முன் உடம்பு செய்து முடித்ததுதான் பந்துக்குப் போய்ச் சேரும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது? வலக்கை ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். கோலைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது தேர்ந்தவரின் தோள்கள் சுமார் 90 பாகை திரும்பும். இடுப்பு அதில் பாதி, சுமார் 45 பாகை. தோளுக்கும் இடுப்புக்கும் இடையில் உள்ள தசைகள் முறுக்கப்பட்ட துணிபோல் இழுபடுகின்றன. கவணில் ரப்பரை இழுத்துப் பிடித்த நிலை அது. இப்போது இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. தோளோ இன்னும் பின்னால் இருக்கிறது. இழுவை இன்னும் கூடுகிறது. பிறகு இடுப்பின் வேகம் தணியும்போது மார்புப்பகுதி வேகம் கொள்கிறது. மார்பு தணியும்போது கை. கை தணியும்போது கோல். ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறது. கடைசியாகப் பெற்றுக்கொள்வது கோலின் தலை. கல்லடியில் போர்வை செய்தது நினைவிருக்கிறதல்லவா? சிலம்பம் பழகியவர்களுக்கும் இது புதிதில்லை.

கையால் மட்டும் அடிப்பவர் இந்த வரிசையைக் கலைத்துவிடுகிறார். கை முந்திக்கொண்டால் இடுப்பின் பலம் வீணாகிறது. ஆகவேதான் மண்வெட்டி பிடித்து உரமேறிய கைகொண்ட வாலிபன் முதன்முறை கோலைப் பிடித்தால் பந்து பக்கத்துப் புதருக்குள் போகிறது. மெலிந்த பெண்ணொருத்தி உடலைத் திருப்பி வீசினால் அது தொலைவில் போய் விழுகிறது.

உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு திரும்பும் என்பதுதான் இங்கே முக்கியம். தொடையெலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டு, அம்மியில் குழவி உருள்வதுபோல் நன்றாகத் திரும்பும். மார்புக்குப் பின்னுள்ள முதுகெலும்பும் திரும்பும். இரண்டுக்கும் நடுவிலுள்ள கீழ்முதுகின் எலும்புகள் குனியவும் நிமிரவும் அமைந்தவை. பக்கம் திரும்ப மிகச் சிறிதே இடம் தருகின்றன. இடுப்பு மூட்டும் மேல்முதுகும் இறுகிப் போனவர் வலிந்து திரும்பினால் அந்தச் சுமை முழுவதும் கீழ்முதுகின்மேல் விழும். செம்பனைக் குலையைக் காலை ஊன்றியபடியே தூக்கி, முதுகை முறுக்கி வண்டியில் எறிபவர்களுக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கோல்ப் ஆட்டக்காரரும் அதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார். ஒருவருக்குப் பொழுதுபோக்கில் வந்தது. மற்றவருக்குப் பிழைப்பில் வந்தது. முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

1960, 70-களில் இடுப்பை இலக்குப் பக்கம் தள்ளி, வீச்சின் முடிவில் முதுகை வில்லாகப் பின்வளைக்கும் முறை பரவியது. ஜாக் நிக்லஸ் போன்ற பெரியவர்களைப் பார்த்து இளைஞர்கள் பழகினர். முதுகுநோவும் கூடவே வந்தது. 1992-இல் ஜிம் மெக்லீன் என்ற பயிற்சியாளர், தோள் திரும்புவதற்கும் இடுப்பு திரும்புவதற்கும் உள்ள இடைவெளி பெரிதானால் பந்து தொலைவு போகும் என்று எழுதினார். உடனே எல்லாரும் இடுப்பை ஆணியடித்தாற்போல் நிறுத்தி, தோளை மட்டும் திருப்ப முனைந்தனர். குதிகால் எழும்பவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நெகிழ்ந்த உடம்புள்ள வாலிபனுக்கு அது பொருந்தும். ஐம்பது வயதில் இடுப்பு இறுகியவருக்கு? பழைய ஆட்டக்காரர் குதிகாலை எழுப்பியது வெறும் பழக்கமென்று நினைத்தார்கள். குதிகால் எழும்பினால் இடுப்பும் கூடத் திரும்பும். கீழ்முதுகின் இழுவை குறையும். சில பயிற்சியாளர்கள் இப்போது மறுபடியும் அதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எழுத்தின் சாய்வு ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்று எல்லாப் பிள்ளைகளின் விரலையும் ஒரே விதமாகப் பிடித்து வளைக்கும் ஆசிரியர்களை நாம் அறிவோம். அந்த நோய் கோல்ப் ஆசிரியர்களுக்கும் உண்டு போலிருக்கிறது.

டைகர் வூட்ஸ் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1975-இல் பிறந்த அவருடைய இளமைக்கால வீச்சின் வேகம் வியப்புக்குரியது. அந்த முதுகை 2014-க்கும் 2017-க்கும் இடையில் 4 முறை அறுவை செய்தார்கள். கடைசி முறை கீழ்முதுகின் இரண்டு எலும்புகளை ஒன்றாகப் பிணைத்தார்கள். அதன் பிறகு 2019-இல் மாஸ்டர்ஸ் போட்டியை மீண்டும் வென்றார். திரும்பாத முதுகுக்கு ஏற்றபடி வீச்சைத் திருத்திக்கொண்டதால் வந்த வெற்றி அது.

இடக்கையை நீட்டி வை, மடக்காதே என்பது கோல்ப் பாடத்தின் பால பாடம். நூறாண்டாக ஒவ்வொரு மாணவனும் கேட்கும் சொல். வார்டனின் கை மடங்கியிருந்ததை முன்பே சொன்னோம். எட் ஃபர்கல் என்ற அமெரிக்கர் சிறு வயதில் விளையாடும்போது விழுந்து இடமுழங்கை முறிந்தவர். எலும்பு சரியாகக் கூடாமல் கை வளைந்தபடி நின்று, சூம்பியும் போயிற்று. அந்தக் கையோடு 1954-இல் அமெரிக்க ஓப்பனை வென்றார்.

கால்வின் பீட் என்பவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1943-இல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். 19 பிள்ளைகள் உள்ள குடும்பம். சிறுவனாக இருந்தபோது மரத்திலிருந்து விழுந்து இடமுழங்கை உடைந்தது. அதன் பின் கை நேராக நீளவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஃப்ளோரிடாவின் வயல்களில் அவரையும் சோளமும் பறித்தார். பிறகு வண்டியில் துணிமணிகளை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக அறுவடைக்குப் போகும் கூலித் தொழிலாளர்களிடம் விற்றார். கோலைத் தொட்டது 23 வயதில்! அதற்குள் பிறர் பத்து ஆண்டுகள் ஆடியிருப்பார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் வகுப்பில் சொல்வது வழக்கம். பீட் அதற்கு விலக்கு.

1971-இல் தொழில்முறை ஆட்டக்காரராகி, 1979-இல் முதல் வெற்றி பெற்று, மொத்தம் 12 போட்டிகளில் வென்றார். ஐரோப்பாவுக்கு எதிரான ரைடர் கிண்ணப் போட்டிக்கு நாட்டின் அணியில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றது விதி. ஆசிரியையான மனைவி பாடம் சொல்லிக்கொடுக்க, 1982-இல், 39 வயதில், தேர்வெழுதித் தேறினார். 1983-இலும் 1985-இலும் அமெரிக்க அணியில் ஆடினார்.

அந்தக் கையோடு எப்படி வீசினார்? கை நீளாது என்பதால் கோலை நெடுந்தூரம் பின்னுக்குக் கொண்டுபோக அவர் முயலவில்லை. வீச்சைக் குறுக்கிக்கொண்டார். வளைந்த முழங்கையை வளைந்தபடியே வைத்து, தோளும் இடுப்பும் கூடியே திரும்பிக் கூடியே வரும்படி, எப்போதும் ஒரே சீரான வேகத்தில் வீசினார். தொலைவில் அவரை முந்தியவர்கள் பலர். நேராக அடிப்பதில் எவரும் முந்தவில்லை. திடலின் நடுப்பாதையில் பந்தை விழச்செய்யும் கணக்கில், 1981 முதல் 1990 வரை, 10 ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவின் முதலிடம் நீளாத அந்தக் கைக்கே கிடைத்தது.